தனிமரம் தோப்பாகுமா?

ஞாயிற்றுக்கிழமை இரவில் நம் நெல்லை ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவற மாட்டார்கள். சென்னை செல்லும் நெல்லை எக்ஸ்பிரஸ் புறப்படும் வரையில் நடைமேடை முழுவதும் இளைஞர் கூட்டம். தோளில் மடிக்கணினிப் பை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலம், அலுவலக நண்பர்களுக்கென்று ஒரு கிலோ அல்வா! இவர்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ கணினி நிறுவனங்களில் பணி புரிகிறவர்கள். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வந்து போவார்கள். மற்ற நாட்களில் அவர்கள் வீடுகளில் முதியவர் இருவரும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும்தான்.

பஞ்சாலை வைக்கப் பஞ்சு வேண்டும்; இரும்பாலை வைக்கக் கரியும் துறைமுகமும் வேண்டும். கணினித் தொழிலுக்கோ மின்சாரம், இணைய வசதி, ஒரு கணினி, படித்த மூளை, இவை நான்கும் போதும் என்கிறார்கள். நான்கும் நம் ஊரில் உண்டு. கல்லூரிகளுக்குக் குறைவில்லாததால்தானே நம் பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று புகழ்கிறார்கள்! அப்படியிருக்க, ஏன் ஒவ்வொரு வாரமும் இந்த ரயில் நிரம்புகிறது?

போகிறவர்களைப் பற்றிப் பேசுவோர் பலர். போக முடியாமல் நின்றுவிட்டவர்களைப் பற்றிப் பேசுவார் அரியர். பொறியியல் படித்து, வளாகத் தேர்வில் வேலையும் கிடைத்து, "வயசுப் பிள்ளையைத் தனியாக அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்ற ஒரே கேள்வியால் அந்த நியமன உத்தரவைப் பெட்டியில் பூட்டி வைத்த அக்காமார் எத்தனை பேர்! நம் ஒவ்வொருவர் தெருவிலும் ஒருவராவது இருப்பார். பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுடைய அச்சமும் அன்பினால் வருவதே. ஆனால் வேலை உள்ளூரில் இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிராதல்லவா? ஆகவே பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு, இது செய்தித்தாளின் வாணிபப் பக்கத்தில் வரும் விஷயம் அன்று. இன்னும் ஆறேழு ஆண்டுகளில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரப்போகும் விஷயம்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுவோம். செய்தித்தாள்கள் ஸ்டார்ட்அப் என்று எழுதுவதை நம் மாநில அரசு புத்தொழில் என்கிறது. புதிதாகத் திறக்கும் எல்லாக் கடையும் புத்தொழில் ஆகிவிடாது. டவுன் ரத வீதியில் இன்னுமொரு ஜவுளிக்கடை திறந்தால் அது வாணிபம், நல்ல வாணிபமே. புத்தொழில் என்பது ஒரு பிரச்சினைக்கு இதுவரை யாரும் செய்யாத வழியைக் கண்டு, அதை விஞ்ஞானத்தின் துணையால் வேகமாகப் பெருக்கும் முயற்சி. பத்தாயிரம் இட்லி விற்க வேண்டுமானால் பத்தாயிரம் இட்லிக்கும் மாவு ஆட்டியே தீர வேண்டும். மென்பொருள் அப்படியன்று. ஒருமுறை செம்மையாக எழுதிவிட்டால் பத்துப் பேருக்கும் பத்தாயிரம் பேருக்கும் ஏறக்குறைய அதே மாவுதான்! வாங்குகிறவர் ஜெர்மனியில் இருந்தாலும் மாதச் சந்தா செலுத்தி இணையத்தின் வழியே பயன்படுத்துவார். எழுதுகிறவர் மேலப்பாளையத்தில் இருக்கிறாரா, மயிலாப்பூரில் இருக்கிறாரா என்பது அவருக்குத் தேவையில்லாத செய்தி.

இவ்வளவு இனிமையாகச் சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது முறையன்று. புத்தொழில்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டுவிடுகின்றன. வாங்க ஆள் வராமலோ, கைப்பணம் தீர்ந்தோ, கூட்டாளிகள் பிணங்கியோ போய்விடுகின்றன. ரயில் ஏன் நிரம்புகிறது என்பதன் விடை இங்கேதான் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சென்னையில் ஒரு சிறு நிறுவனம் மூடப்பட்டால் அங்கே வேலை பார்த்தவர் அடுத்த மாதம் அடுத்த தெருவில் வேறொன்றில் சேர்ந்துவிடுவார். நம் ஊரில் ஒன்றே ஒன்று இருந்து அதுவும் மூடப்பட்டால்? மீண்டும் ரயில்தான். இதை எண்ணித்தான் அறிவுள்ள இளைஞர் அந்த ஒன்றில் சேரவே தயங்குகிறார். சேர ஆளில்லாததால் அந்த ஒன்றும் வளர்வதில்லை. ஆக, நமக்கு வேண்டியது ஒரு நிறுவனம் அன்று. அருகருகே பல நிறுவனங்கள், அவற்றில் இருப்போர் ஒருவரையொருவர் அறிந்திருத்தல், ஒருவர் விழுந்தால் மற்றவர் ஏந்திக்கொள்ளுதல் ஆகியவை. தனிமரம் தோப்பாகாது என்று பெரியோர் சொன்னது கணினிக்கும் பொருந்துகிறது!

இத்தகைய தோப்பை ஒரு சிறு நகரம் வளர்க்க முடியுமா? முடியும் என்பதற்கு உலகம் சுட்டிக்காட்டும் ஊர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையடிவாரத்தில் இருக்கும் போல்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே மக்கள்தொகை 1 லட்சத்து 8 ஆயிரம் மட்டுமே. நம் நெல்லை மாநகராட்சியிலோ 2011-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். நம்மில் கால் பங்குகூட இல்லாத ஊர்!

போல்டரின் கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. அங்கே 1877-ஆம் ஆண்டு முதல் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்க அரசின் தேசிய அளவைத்தர நிறுவனம் புதிய ஆய்வுக்கூடத்துக்கு இடம் தேடியபோது, போல்டர் மக்கள் தமக்குள் பணம் திரட்டி நிலத்தை வாங்கி அரசுக்கு அளித்தார்கள். 1954-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவரே வந்து அதைத் திறந்து வைத்தார். (அமெரிக்காவுக்கு நேரம் சொல்லும் அணுக்கடிகாரம் அந்த ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. நம் பள்ளி மணியைப் போல ஐந்து நிமிடம் முந்தியோ பிந்தியோ ஓடாது!) 1960-இல் வளிமண்டல ஆராய்ச்சிக்கான தேசிய மையம் வந்தது. 1965-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஆலையை அங்கே அமைத்தது.

இதுவரை நடந்தது நம்மூரிலும் நடக்கக்கூடியதே. பெரிய நிறுவனம் வந்தது, வேலை கொடுத்தது. அடுத்து நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. 1969-இல் ஐ.பி.எம்.மில் பணிபுரிந்த நான்கு பொறியாளர்கள் வெளியேறி, ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கணினித் தகவலைக் காந்த நாடாவில் சேமிக்கும் கருவி செய்வது அதன் தொழில். பின்னர் அந்த நால்வரில் ஒருவரே அங்கிருந்தும் வெளிவந்து, 1985-இல் போல்டரில் எக்ஸாபைட் என்ற மற்றொரு நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். வாழைக்குலை வெட்டியதும் பக்கத்தில் கன்று எழும்புமே, அதுபோலவே! அவர்கள் தொழிலைக் கற்ற ஊரிலேயே அடுத்த தொழிலைத் தொடங்கினார்கள். வேறு ஊருக்கு ஓடவில்லை.

1995-இல் பிராட் ஃபெல்ட் என்ற தொழில் முதலீட்டாளர் பாஸ்டன் நகரிலிருந்து போல்டருக்குக் குடிவந்தார். 2006-இல் அவரும் டேவிட் கோஹன் முதலான நண்பர்களும் சேர்ந்து டெக்ஸ்டார்ஸ் என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2007 கோடையில் பத்துக் குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதக் காலம், சிறிய தொகை, அதைவிட முக்கியமாக அவ்வூரில் ஏற்கெனவே தொழில் நடத்தித் தேர்ந்தவர்களின் வழிகாட்டல். அந்த வழிகாட்டிகள் சம்பளம் வாங்கவில்லை. தாங்கள் பட்ட துன்பத்தை அடுத்தவர் படாதிருக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். 2009-இல் அங்கே பயிற்சி பெற்ற செண்ட்கிரிட் என்ற குழு, மற்ற நிறுவனங்களின் மின்னஞ்சல்களைத் தவறாமல் கொண்டு சேர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டது. இதைத் தொடங்கியவர்கள் கலிபோர்னியாவிலிருந்து வந்த இளைஞர்கள். 2017-இல் அது பங்குச் சந்தையில் இடம்பெற்றது. பெரிய நகரத்திலிருந்து சிறிய ஊருக்கு ஆள் வந்தார்கள் என்பதை அடிக்கோடிட்டுக் காட்ட விரும்புகிறோம்!

முன்பின் அறியாத இளைஞனுக்குத் தொழில் நுணுக்கத்தைச் சொல்லிக் கொடுப்பது அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். நம் பக்கத்து அண்ணாச்சிமார் நெடுங்காலமாகச் செய்துவருவது இதுவேயன்றோ? நெல்லை, தூத்துக்குடிக் கிராமங்களிலிருந்து சென்னைக்குப் போகும் சிறுவன் ஓர் அண்ணாச்சியின் மளிகைக் கடையில் சேருவான். பொட்டலம் மடிப்பதில் தொடங்கி, சரக்குப் பிடிப்பது, கடன் கொடுக்கத் தக்கவர் யார் என்று முகம் பார்த்து அறிவது வரை கற்பான். பல ஆண்டுகள் கழித்து, வேறொரு தெருவில் அவன் தனிக் கடை போடும்போது அதே அண்ணாச்சி சரக்கைக் கடனாகத் தருவார், மொத்த வியாபாரியிடம் ஒரு சொல் சொல்வார். சென்னையின் தெருத்தோறும் நம்மவர் கடைகள் இப்படித்தான் முளைத்தன. டெக்ஸ்டார்ஸ் செய்ததும் ஏறத்தாழ இதுதான். நம்மவர் கலையே இது. ஆனால் அதை நம் ஊரில் செய்யாமல் சென்னையில் செய்துவிட்டோம்.

ஃபெல்ட் தம் அனுபவத்தை 2012-இல் ஒரு நூலாக எழுதினார். புத்தொழில் சமூகங்களைப் பற்றிய அந்நூலில் அவர் வற்புறுத்தும் கருத்துகள் சில. தலைமை ஏற்க வேண்டியவர்கள் தொழில் நடத்துகிறவர்களே என்கிறார். அரசும் கல்லூரியும் வங்கியும் பெரிய நிறுவனங்களும் நீர் பாய்ச்சலாம், உரமிடலாம்; ஆனால் பயிர் அவர்களல்லர். இது அரசைப் பழிக்கும் கருத்தன்று. அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும், துணைவேந்தரின் பதவிக்காலம் முடியும். ஊரிலேயே கடை விரித்தவரோ ஊரோடு வாழ்ந்தாக வேண்டியவர். அடுத்து, எப்போதும் இருபது ஆண்டுகளை முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். எங்களுக்கு இப்போது பதினைந்து. இருபது ஆண்டு சென்றால் முப்பத்தைந்து. இன்று நடும் கன்றின் நிழலில் எங்கள் பிள்ளைகள் பள்ளிப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்கள்!

யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இது நம் சீமையில் எளிதன்று. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நாம் கேட்பது, "நீங்க எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று. தெருவின் பெயரைக் கேட்பது எதை அறிவதற்காக என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்வி இருக்கும் வரையில் அவரவர் தெருவுக்கு அவரவர் தோப்பு என்றாகும். மரங்கள் எண்ணிக்கையில் குறைந்து எல்லாமே வாடும். நம் வகுப்பறைகளில் அருட்சகோதரியர் அகரவரிசைப்படி உட்கார வைக்கிறார்களே, அந்த நியாயம் தொழில் மன்றத்துக்கும் தேவை.

பரிசளிப்பு விழா மட்டும் போதாது, இடைவிடாத செயல் வேண்டும் என்பது ஃபெல்டின் இன்னொரு கருத்து. ஆண்டுக்கொருமுறை பந்தல் போட்டு, மாலை போட்டு, படம் எடுத்து அனுப்பிவிட்டால் ஒன்றும் வளராது. 2007-இல் ஆண்ட்ரூ ஹைட் என்பவர் போல்டரில் ஒரு வார இறுதி முழுவதும் ஏறத்தாழ எழுபது பேரைக் கூட்டி, வெள்ளி மாலையில் யோசித்து ஞாயிறு இரவுக்குள் ஒரு பொருளைச் செய்து காட்ட முயலும் நிகழ்ச்சியை நடத்தினார். ஸ்டார்ட்அப் வீக்கெண்ட் என்று பெயர் பெற்ற அது பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. பேச்சைக் கேட்க வருகிற கூட்டத்துக்கும் சேர்ந்து வேலை செய்ய வருகிற கூட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. வேலை செய்யும்போதுதான் யார் சோம்பேறி, யார் பொறுமைசாலி என்பது தெரியும். கூட்டாளியைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல வழி வேறில்லை.

டெக்ஸ்டார்ஸ் தன் போல்டர் பயிற்சித் திட்டத்தை நிறுத்துவதாக 2024-இல் அறிவித்தது. அந்த ஒரு மரம் விலகியும் ஊர் வெறுமையாகிவிடவில்லை. அங்கே பல்கலைக்கழகமும் ஆய்வுக்கூடங்களும் பல தொழில்களும் உண்டல்லவா!

போல்டர் செல்வ நாட்டு ஊர், பல்கலைக்கழகமும் அரசு ஆய்வுக்கூடமும் கிடைத்த ஊர், அதை நமக்கு ஒப்பிடலாமா என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே வறுமையில் தொடங்கிய வேறோர் ஊரைக் காண்போம். இது கணினிக்கு முந்திய கதை. நம் மறையைச் சேர்ந்த ஒரு குருவானவர் வித்திட்டதாதலால் இம்மலரில் எழுதப் பெருமைப்படுகிறோம்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் மலைப்பகுதியில் மோன்ட்ராகோன் என்ற சிற்றூர் உண்டு. 1941-இல் உள்நாட்டுப் போரின் காயம் ஆறாத அவ்வூருக்கு இருபத்தைந்து வயது இளங்குருவாக வந்தார் அருட்தந்தை ஹோசே மரியா அரிஸ்மெண்டியரியெட்டா. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது!) சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். அந்த ஊரில் பூட்டும் இரும்புச் சாமான்களும் செய்யும் பெரிய ஆலை ஒன்று இருந்தது. தொழில் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு அந்த ஆலையின் பயிற்சிப் பள்ளியே கதி. அதிலும் இடம் சிலருக்கு மட்டுமே. எனவே தந்தையவர்கள் ஊர் மக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, 1943-இல் இருபது மாணவர்களுடன் ஒரு தொழிற்பள்ளியைத் திறந்தார். கட்டடம் கட்டி ஆலை முதலாளிகளை அழைக்கவில்லை. முதலில் பள்ளி!

விதை முளைக்கப் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. 1956-இல் அவருடைய மாணவர்கள் ஐவர், அந்தப் பெரிய ஆலையில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, மோன்ட்ராகோனில் மண்ணெண்ணெய் அடுப்புச் செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். ஐவரின் குடும்பப் பெயர் எழுத்துகளைக் கோத்து அதற்கு உல்கோர் என்று பெயர் சூட்டினார்கள். அது முதலாளி ஒருவருக்குச் சொந்தமன்று. உழைப்பவர்களே உடைமையாளர்களாக உள்ள கூட்டுறவு. 1959-இல் தந்தையவர்களின் தூண்டுதலால் கூட்டுறவு வங்கி ஒன்றும் எழுந்தது. ஊரார் சேமிப்பு ஊரிலேயே அடுத்த தொழிலுக்கு முதலாயிற்று. 1974-இல் இகெர்லான் என்ற தொழில்நுட்ப ஆராய்ச்சி மையம் வந்தது. அந்தத் தொழிற்பள்ளி வளர்ந்து 1997-இல் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. அடுப்பிலிருந்து ஆராய்ச்சி வரை! இன்று அந்தக் கூட்டமைப்பில் எண்பது அளவில் கூட்டுறவு நிறுவனங்களும் ஏறத்தாழ எழுபதாயிரம் உழைப்பாளிகளும் உள்ளனர்.

அங்கேயும் மரம் விழுந்தது. உல்கோரிலிருந்து வளர்ந்த ஃபாகோர் என்னும் வீட்டுச் சாதன நிறுவனம் 2013-இல் நொடித்துப் போயிற்று. ஆனால் அதன் கூட்டுறவு உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் வேலையோ, முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. விழுந்தவரை ஏந்திக்கொள்ள அண்டையில் ஆட்கள் இருந்தார்கள். தோப்பு வேண்டும் என்று மேலே கூறியதற்கு இதைக்காட்டிலும் சான்று வேண்டுமா?

எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான். அக்கூட்டுறவுகளிலும் தொடக்கத்தில் பெண்களுக்கு நியாயம் வழங்கப்படவில்லை. மணமானதும் வேலையை விட வேண்டும் என்பது வழக்கமாயிருந்தது. 1969-இல் அவ்வூர்ப் பெண்கள் தாங்களே ஔசோ லாகுன் என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். சமையலும் துப்புரவும் அதன் பணிகள். குடும்பப் பொறுப்புள்ள தாய்மார் நாளில் சில மணி நேரம் மட்டும் உழைக்க வழி வகுத்தார்கள். அரிஸ்மெண்டியரியெட்டா அவர்கள் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். 1976-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்ற நிலைக்கு உயர்த்தினார். தொழில் தொடங்குவது பேராசைக்காரர் வேலை என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்பார்களாக.

இனி நம் சீமைக்குத் திரும்புவோம். நம்மிடமும் ஒரு பெரிய மரம் உண்டு. 1996-இல் தொடங்கப்பட்டு இன்று உலகெங்கும் மென்பொருள் விற்கும் ஜோஹோ நிறுவனம், 2011-இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற சிற்றூரில் அலுவலகம் திறந்தது. அப்போது தென்காசி நம் மாவட்டத்தின் பகுதி. 2019-இல்தான் தனி மாவட்டமாயிற்று. வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க உதவும் ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அந்தக் குற்றாலச் சாரல் காற்றில் உருவானதே. ஸ்ரீதர் வேம்பு அவர்களே 2019-இல் அந்தக் கிராமத்தில் குடியேறினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் பயிற்சிப் பள்ளியில் கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை. பள்ளிப் படிப்பை முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துக் கற்பிக்கிறார்கள். மோன்ட்ராகோன் தந்தையவர்களின் வழியை நினைவூட்டுகிறதல்லவா? கிராமத்திலிருந்தே உலகத்தரம் வாய்ந்த மென்பொருள் எழுத முடியும் என்ற ஐயம் மத்தளம்பாறையில் தீர்ந்துவிட்டது. அது பெரிய உதவி.

ஆனால் கன்றுகள்? ஜோஹோவில் பல ஆண்டுகள் பணிபுரிந்த கிரீஷ் மாத்ருபூதம் அவர்கள் 2010-இல் வெளியேறி, பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனத்தைத் தொடங்கினார். 2021-இல் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அவர் பிறந்து வளர்ந்த ஊர் திருச்சி. கன்று முளைத்ததோ சென்னையில்! குறை சொல்லவில்லை. முதலீடும் ஆட்களும் அங்கே இருந்தன. எதிர்த் திசையில் ஓர் உதாரணமும் உண்டு. கோவையைச் சேர்ந்த சரவண குமார் அவர்கள் இலண்டனில் வாழ்ந்தபடி 2011-இல் தொடங்கிய நிறுவனத்துக்குத் தம் ஊர்ப் பெயரையே வைத்து, கோவையிலேயே ஆட்களைச் சேர்த்தார். கோவை.கோ என்ற அந்த நிறுவனம் 2025-இல் 140-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மொத்தம் 14 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தபோது செய்தித்தாள்கள் வியந்தன. கோவைக்கு இது திடீரென்று வாய்த்ததன்று. 1888-இல் முதல் பஞ்சாலை. பைக்காரா மின்சாரம் வந்தபின் பல ஆலைகள். ஆலை எந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள். பட்டறைகளிலிருந்து மோட்டார், பம்புசெட். இப்படி ஒன்றன் பின் ஒன்றாகத் தலைமுறைகள் பழகிய ஊர் அது. இருபது ஆண்டு என்று ஃபெல்ட் சொன்னது குறைந்த மதிப்பீடோ என்றுகூடத் தோன்றுகிறது!

நம் நெல்லைக்கு என்ன குறை? தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு இங்கே ஒரு வட்டார மையம் அமைத்தது. அரசின் டான்சீட் திட்டத்தில் தேர்வாகும் புத்தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாயும், பெண்கள் தலைமையில் நடப்பவற்றுக்கு 15 லட்சம் ரூபாயும் உதவியாக அறிவிக்கப்பட்டதுண்டு. தீர்க்க வேண்டிய பிரச்சினைகளுக்கும் பஞ்சமில்லை. பீடி சுற்றும் தாய்மார் எத்தனை இலை வாங்கினார்கள், எத்தனைக் கட்டுக் கொடுத்தார்கள், எவ்வளவு கூலி பாக்கி என்பதைக் கைப்பேசியில் குறித்து வைக்க ஒரு செயலி செய்தால் என்ன? பத்தமடைப் பாய் நெய்பவர் இடைத்தரகர் இல்லாமல் விற்க வழியுண்டா? ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி நிற்கும் காற்றாலைகளில் எது பழுதாகப் போகிறது என்பதை அதன் சத்தத்தைக் கொண்டே முன்கூட்டி அறிய முடியுமா? இவை சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றக்கூடிய கேள்விகள் அல்ல. பிரச்சினைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கே இவை தோன்றும்.

எங்கள் சிறு அறிவுக்கு எட்டியவரை இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, தோற்றவரை நாம் நடத்தும் விதம். வேலையை விட்டுத் தொழில் தொடங்கி அது கைகூடாமல் போன இளைஞனைப் பற்றி ஊர் பேசும் பேச்சு அவனுடைய தங்கையின் கல்யாணம் வரையில் வந்து நிற்கும். தோற்றவள் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மூன்றாண்டு தொழில் நடத்தி மூடியவர், மூன்றாண்டு வேறு எங்கும் படிக்க முடியாததைப் படித்தவர் என்று போல்டரில் மதித்து அடுத்த நிறுவனத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். தாலந்து உவமையில் தலைவன் கடிந்துகொண்டது முதலீடு செய்தவனை அல்ல, நிலத்தில் புதைத்து வைத்தவனையே என்பதை மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்!

மற்றொன்று, கூடிப் பேச ஓரிடம். இதற்குப் பெரிய பூங்கா தேவையில்லை. ஓர் அறை, இருபது நாற்காலி, நின்று போகாத மின்சாரம், நல்ல இணையம், மாதத்தில் இரண்டு நாள் தவறாத கூட்டம். இவ்வூரில் தொழில் நடத்துகிறவர்கள் இருவர், கல்லூரி மாணவர் சிலர், விடுமுறையில் சென்னையிலிருந்து வரும் ஓர் அண்ணன் என்று பத்துப் பேர் வந்தால் போதும். ஒருவர் தாம் செய்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும், மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும், பிறகு தேநீர். பள்ளிகளும் கல்லூரிகளும் சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் கணினிக்கூடத்தைத் திறந்துவிட்டால் வாடகையும் மிச்சம். நம் மதர் அவர்களின் காதில் இது விழட்டும்!

ஒரே ஒரு வேண்டுகோள். பெருநகரங்களில் இத்தகைய கூட்டங்களை மாலை ஏழு மணிக்கு மேல் வைப்பது வழக்கமாம். நம் ஊரில் அப்படி வைத்தால் வருகிறவர்கள் அனைவரும் அண்ணன்மாராகவே இருப்பார்கள். எந்த வீட்டிலும் எங்களை அனுப்ப மாட்டார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்து, ஒரு மணிக்கு முடித்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் வீடு திரும்பிவிடலாம்.